ஹாப்கின் பண்டிதர் ஜீவிய சரித்திரம்

கொடைக்கானலில் 1845-ஆம் ஆண்டில் மதுரை அமெரிக்க மிஷனார் இரண்டு பங்களாக்கள் கட்டினர். சமவெளியின் கொடிய நோய்களுக்குத் தம்மவர் பலரைப் பறிகொடுத்த அவர்கள், பழனி மலைத்தொடரின் குளிர்ந்த காற்றைப் புகலிடமாக நாடினர். மலையேறித் தப்புதல் சிலருக்கே கூடும். அடிவாரத்தில் ஏர் பிடிப்போர்க்கும், பழனிக்குத் திரள் திரளாய் நடந்த யாத்திரிகர்க்கும் அவ்வழி ஏது? அத்தகைய ஏழை ஜனங்களுக்குப் புட்டியில் அடங்கும் காவலைத் தேடித் தந்தவர் ஹாப்கின் பண்டிதர். மருந்தொன்றைக் கண்டறிவது அரிது. அதனை ஆயிரமாயிரம் புட்டிகளில் பிசகின்றிச் செய்தளிப்பது அதனினும் அரிது. இவ்வுண்மையை அவர் சரித்திரம் நன்கு விளக்கும்.

வால்டெமார் ஹாப்கின் 1860-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ஆம் தேதி ரஷ்ய இராச்சியத்தைச் சேர்ந்த ஒடெஸ்ஸா நகரில் யூத குலத்தில் பிறந்தார். அவ்வூர்ச் சர்வகலாசாலையில் மெச்னிகோவ் என்னும் பேராசிரியரிடம் பிராணி சாஸ்திரம் பயின்றார். யூதராதலின் அங்கே உயர்வுக்கு வழியின்றி, 1889-இல் பாரிஸ் மாநகர் சேர்ந்து, பாஸ்டர் கழகத்தின் புத்தகசாலையில் ஓர் எளிய உத்தியோகம் ஏற்றார். ஓய்ந்த வேளைகளிலெல்லாம் கிருமி ஆராய்ச்சியே அவர் பொழுதுபோக்காயிற்று. 1892 ஜூலை 18-இல், தாம் கண்ட வாந்திபேதித் தடுப்பு மருந்தை முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டார். மறு வருஷம் இந்தியா வந்து, வங்காளம் முதலிய இடங்களில் பல்லாயிரவர்க்கு அதனைக் குத்தினார்.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றவே, அரசாங்கத்தார் அவரை அங்கு அனுப்பினர். கிராண்ட் வைத்தியக் கல்லூரியில் ஓர் அறையும் நடைவழியும், ஒரு குமாஸ்தாவும் மூன்று சேவகருமே அவருக்குக் கிடைத்த உதவி. மூன்றே மாதத்தில் மருந்து சித்தமாயிற்று. 1897 ஜனவரி 10-இல் அதனையும் தமக்கே முதலில் குத்திக்கொண்டார். பின்னர்ப் பைகுல்லா சிறையில் மனமிசைந்த கைதிகளுக்குக் குத்தியபோது, அவர்களிடையே நோயும் சாவும் வெகுவாய்க் குறைந்தன.

அம்மருந்தைச் செய்யும் விதம் இது: ஆட்டிறைச்சிச் சாற்றில் நெய்த்துளிகளை மிதக்கவிட்டால், கிருமிகள் அவற்றைப் பற்றி விழுதுபோல் கீழ்நோக்கி வளரும். இடையிடையே குலுக்கிச் சில வாரம் வளர்த்து, சூட்டினாற் கொன்று, கார்பாலிக் அமிலம் சிறிது கலந்து புட்டிகளில் அடைப்பர். சில குடுவைகளில் எளிதாகும் இவ்வேலை, இலட்சக்கணக்கில் வேண்டும்போது பெருங்கஷ்டமாயிற்று. 1899-இல் பரேலிலுள்ள பழைய கவர்னர் மாளிகை இதன்பொருட்டு அளிக்கப்பட்டது.

1902-இல் பஞ்சாப் மாகாணம் மிகப் பெரும் அளவில் மருந்து கேட்டது. பழைய முறை போதாதெனக் கண்ட ஹாப்கின், அகார் என்னும் கடற்பாசிப் பசையின்மேல் கிருமிகளை விரைந்து வளர்க்கும் புதுமுறையைக் கைக்கொண்டார். அதில் கார்பாலிக் அமிலம் சேர்க்கப்படவில்லை. சூடு ஒன்றே சுத்தி செய்யப் போதுமெனக் கருதினார். அவ்வாண்டு அக்டோபர் 30-இல், இன்று பாகிஸ்தானிலுள்ள மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி குத்தப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேரும் தனுர்வாதங்கண்டு மாண்டனர். அப்புட்டியின் இலக்கம் 53-என்.

விசாரணைச் சபையார் புட்டி பரேலிலேயே கெட்டதென்று தீர்த்தனர். முறையை மாற்றியதும் குற்றமாயிற்று. ஹாப்கின் பதவியிழந்தார். எனினும் லண்டன் லிஸ்டர் கழகத்தார் சான்றுகளை ஆராய்ந்து வேறு முடிவு கண்டனர். பல வாரம் முன்பே அக்கிருமி புட்டிக்குள் புகுந்திருந்தால், திறந்தவுடன் துர்நாற்றம் வீசியிருக்கும், அவ்வாறு வீசவில்லை. அன்று தக்கை பிடுங்கிய இடுக்கி மண்ணில் விழுந்ததும், அது செவ்வையாய்ச் சுத்தி செய்யப்படாததும் தெரியவந்தன. 1907-இல் ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர்கள் பத்திரிகை வாயிலாக வாதாடவே, அரசாங்கத்தார் அவரைக் குற்றமற்றவரென ஏற்றனர். அவர் கல்கத்தாவுக்குத் திரும்பினாரெனினும், பரேல் ஆராய்ச்சிசாலை மீண்டும் அவர் கைக்கு வரவில்லை. 1925-இல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1930 அக்டோபர் 26-இல் சுவிட்சர்லாந்து தேசத்து லொசான் நகரில் காலமானார்.

நம் நாட்டில் குன்னூர்ப் பாஸ்டர் கழகம் போன்ற இடங்களில், ஆராய்ச்சிசாலையிற் கண்டதை உற்பத்திசாலைக்குக் கொண்டு சேர்க்கும் தொழில் சாஸ்திரம் பயிலும் மாணவர்க்குத் திறந்திருக்கிறது. அதில் புகுவோர் ஹாப்கினது கூர்த்த மதியை விரும்புவது இயல்பே. மருந்தின் நன்மை, கடைசியாக அதனைத் திறப்பவன் கையிலும் இருக்கிறதென்பதையும் அவர்கள் மறவாதிருப்பாராக.