நீதிபதி கார்டோசோ

நியூயார்க் நகரில் 1870-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் பெஞ்சமின் கார்டோசோ பிறந்தார். தந்தையும் நீதிபதியே, ஆனால் ஊழல் குற்றச்சாட்டு எழவே 1872-இல் பதவி துறந்தவர். அந்தக் களங்கத்தைத் துடைப்பதே மகனின் வாழ்நாள் நோக்கமாயிற்று என்பர். இளமையிலேயே தாயை இழந்த அவரை வளர்த்தவர் தமக்கை நெல்லி. கார்டோசோ மணம் செய்துகொள்ளவில்லை. 1929-இல் நெல்லி மறையும்வரை அவருடைய நோய்ப்படுக்கையருகே இருந்து பணிவிடை செய்தார்.

1914-இல் நியூயார்க் மாநிலத்தின் தலைமை முறையீட்டு மன்றத்தில் அவர் அமர்ந்தார். அவ்வாண்டே மேரி ஷ்லோண்டார்ப் என்னும் அம்மையாரின் வழக்கு வந்தது. அம்மையார் 1908 சனவரியில் வயிற்று நோயுடன் நியூயார்க் மருத்துவமனையில் சேர்ந்தவர். வயிற்றில் கட்டி தென்பட்டது. மயக்கமருந்து கொடுத்துச் சோதிக்க மட்டும் இசைந்தார். அறுவை கூடாதென மருத்துவரிடம் சொன்னார். நள்ளிரவில் தம்மை ஆயத்தம் செய்த செவிலியிடமும் சொன்னார். மறுநாள் மயக்கத்தில் கட்டியை அகற்றிவிட்டனர்! பின்னர் இடக்கை அழுகி, விரல்கள் சிலவற்றை வெட்டியெடுக்க நேர்ந்தது. இதுவே அவர் முறையீடு.

வயது வந்த, அறிவு தெளிந்த எவருடைய உடலும் அவருக்கே உரியது. அவசர நிலையிலன்றி, இசைவின்றிக் கத்தி வைக்கும் மருத்துவர் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று கார்டோசோ தெளிவுறுத்தினார். ஆயினும் அம்மையார் தோற்றார். அவர் வழக்கிட்டது மருத்துவர்மீதன்று, மருத்துவமனைமீது. அறநிலையமாகிய மருத்துவமனை மருத்துவரின் தவற்றைச் சுமக்க வேண்டியதில்லை என்றது தீர்ப்பு. செவிலியோ கீழ்ப்படியப் பழக்கப்பட்டவள். மேலோரின் முடிவைக் கேள்வியின்றி ஏற்பவள். இவற்றை எடைபோடும் தகுதி அவளுக்கில்லை என்றும் எழுதினார்.

இங்கேதான் அப்பேரறிஞர் சறுக்கினார் என்பேன். நோயாளி வேண்டாமென்றதை மருத்துவரிடம் போய்ச் சொல்ல என்ன தகுதி வேண்டும்? வாய் ஒன்று போதாதா?

1927-இல் அம்மன்றத்தின் தலைமை நீதிபதியாகி, 1932-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சென்ற கார்டோசோ, 1938 சூலை 9-ஆம் நாள் இயற்கை எய்தினார். 1957-இல் அவருடைய பழைய மன்றமே, செவிலியர் கவனக்குறைவால் ஒரு பெண்ணுக்கு அறுவைமேசையில் தீப்புண் நேர்ந்த வழக்கில், மருத்துவமனைக்குப் பொறுப்பில்லை என்ற விதியைக் கைவிட்டது.

இசைவு பற்றிய விளக்கமோ நிலைத்தது. சோதனைக்கு மட்டும் இசைந்த தில்லிப் பெண்ணொருவர் மயங்கிக் கிடக்கையில், தாயின் இசைவைப் பெற்றுக் கருப்பையை அகற்றிய வழக்கு நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தாயின் இசைவு செல்லாதென 2008-இல் தீர்ப்பளித்த நீதிபதிகள், கார்டோசோவின் விளக்கத்தையே மூலமாகக் காட்டினர். நியூயார்க் அம்மையாருக்குக் கிட்டாத இழப்பீடு இவருக்குக் கிட்டியது: ரூ. 25,000.