தோற்கிற டீமில் 21 வருஷம்

கிரிக்கெட்டில் ஒரு பவுலர் எவ்வளவு நல்லா போட்டாலும், அவரோட டீம் ரன் அடிக்கலைன்னா ஜெயிக்க முடியாது. பேஸ்பாலிலும் இதே கதைதான். அங்கே பந்து வீசுபவருக்குப் பிட்ச்சர் என்று பேர். ஒரு மேட்ச்சுக்கு 9 இன்னிங்ஸ். ஒரே பிட்ச்சர் முழு மேட்ச்சையும் வீசி, எதிரணியை ஒரு ரன்கூட எடுக்க விடாமல் முடித்தால் அது ஷட்அவுட். வால்டர் ஜான்சன் மொத்தம் 110 ஷட்அவுட் வீசினார். இன்னிக்கு வரைக்கும் அந்த ரெக்கார்டு உடையவில்லை. அதே மனுஷன் 26 மேட்ச்களை 1-0 என்று தோற்றிருக்கிறார். தான் ஒரு ரன் மட்டும் கொடுத்தும், சொந்த டீம் பூஜ்யம் அடித்ததால் தோற்ற மேட்ச்கள் அவை. இப்படி ஒரு டீமில் 21 வருஷம் ஆடியவரோட கதைதான் இது.

1887 நவம்பர் 6ஆம் தேதி, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஹம்போல்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பிறகு குடும்பம் கலிஃபோர்னியாவில் எண்ணெய்க் கிணறுகள் இருந்த பகுதிக்குக் குடிபோனது. 19 வயதில் ஐடஹோ மாநிலத்து வைசர் என்ற சின்ன ஊரில் டெலிபோன் கம்பெனியில் வேலை, கூடவே அந்த ஊர் டீமுக்கு பிட்ச்சிங். பையன் போடுற பந்து கண்ணுக்கே தெரியலை என்ற பேச்சு வாஷிங்டன் வரை போனது. அடிபட்டு சும்மா இருந்த ஒரு பிளேயரை அனுப்பிப் பார்த்து வரச் சொன்னார்கள். அப்படித்தான் 1907இல் வாஷிங்டன் செனட்டர்ஸ் டீமுக்கு வந்தார்.

வந்து சேர்ந்த இடம் எப்படிப்பட்டது? அமெரிக்கன் லீக்கில் 8 டீம். வாஷிங்டன் பெரும்பாலும் அடியில் கிடக்கும். நாட்டின் தலைநகரம் எல்லாத்திலும் முதல், பேஸ்பாலில் மட்டும் கடைசி என்று ஊரே கிண்டல் பண்ணும். ஆகஸ்ட் 2ஆம் தேதி டெட்ராய்ட் டீமோடு அவருக்கு முதல் மேட்ச். 3-2 என்று தோல்வி. 1909இல் டீம் 42 மேட்ச் ஜெயித்து 110 மேட்ச் தோற்றது. ஜான்சன் 9 இன்னிங்ஸுக்கு சராசரியா ரெண்டு ரன்னுக்குக் கொஞ்சம் மேலேதான் கொடுத்தார், ஆனாலும் அவர் கணக்கில் 13 வெற்றி, 25 தோல்வி!

ஆள் உயரம், கை ரொம்ப நீளம். பக்கவாட்டில் கையைச் சுழற்றி அலட்டாம வீசுவார், பந்து மட்டும் பறக்கும். 'பெரிய ரயில்' என்று பட்டப்பேர் வந்தது அதனால்தான். ரேடார் கன் இல்லாத காலம். பிரிட்ஜ்போர்ட் ஊரில் துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்கிற லேபுக்குக் கூட்டிப்போய் அவர் பந்தையும் அளந்து பார்த்தார்கள். 1908 செப்டம்பரில் நியூயார்க் டீமுக்கு எதிராக 4 நாளில் 3 ஷட்அவுட் வீசினார். நடுவில் ஒரு நாள் வீசாததற்குக் காரணம், அது ஞாயிற்றுக்கிழமை, அன்னிக்கு மேட்ச் கிடையாது.

இவ்வளவு வேகம் இருந்தும் சுபாவம் ரொம்ப மென்மை. தன் பந்து பட்டு யாராவது செத்துப்போவாங்களோ என்ற பயம் கடைசி வரை இருந்தது. டை காப் என்ற பெரிய பேட்ஸ்மேன் இதைக் கண்டுபிடித்து, வேணும்னே பந்து வருகிற பாதைக்கு ஒட்டி நிற்பார். ஜான்சன் பந்தை வெளியே தள்ளிப் போடுவார். அம்பயரிடம் கத்துறது, சொதப்பிய ஃபீல்டரை முறைக்கிறது எதுவும் அவரிடம் கிடையாது.

1913இல் 36 வெற்றி, 7 தோல்வி. டீமும் இரண்டாம் இடம் வந்தது. ஆனா அந்தக் காலத்தில் பிளே-ஆஃப் எல்லாம் இல்லை. ரெண்டு லீக், ஒவ்வொன்றிலும் முதல் இடம் வந்த டீம் மட்டும் வேர்ல்ட் சீரிஸில் மோதும். இரண்டாம் இடம் வந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

விசுவாசம் என்று எழுதும்போது பலர் தாண்டிப் போகிற ஒரு இடம் உண்டு. ஃபெடரல் லீக் என்று புதுசா ஒரு லீக் தொடங்கி, பெரிய சம்பளம் காட்டி பிளேயர்களை இழுத்தது. 1914 கடைசியில் அதன் சிகாகோ டீமுக்கு ஜான்சன் கையெழுத்தே போட்டுவிட்டார். வாஷிங்டன் மேனேஜர் கிளார்க் க்ரிஃபித் பேசிச் சமாதானப்படுத்தித் திரும்பக் கொண்டுவந்தார். அவர் விட்டு வந்த சிகாகோ டீம் 1915இல் அந்த லீக்கையே ஜெயித்தது. அதோடு அந்த லீக் இழுத்து மூடப்பட்டது. ரெண்டு ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிற நமக்கு இது புரியும். போகணும்னு தோணாதவர் இல்லை அவர். தோணியும் திரும்பி வந்தவர்.

திரும்பி வந்ததுக்கு உடனே பலன் ஒண்ணும் கிடைக்கலை. 1920இல் கை வலி. அடுத்த வருஷம் அப்பாவும் சின்ன மகளும் இறந்துபோனார்கள். வயசு 33 தாண்டியாச்சு, இனி அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

1924. அவருக்கு 36 வயசு, 18வது சீசன். மேனேஜர் பக்கி ஹாரிஸுக்கு 27தான். ஜான்சன் 23 வெற்றி எடுக்க, பேப் ரூத் ஆடிய யாங்கீஸைப் பின்னுக்குத் தள்ளி வாஷிங்டன் முதல் தடவையா லீக்கில் முதலிடம் வந்தது. வேர்ல்ட் சீரிஸில் எதிரணி நியூயார்க் ஜயண்ட்ஸ். 7 மேட்ச்சில் 4 ஜெயிக்கணும். வாஷிங்டன் ரசிகர்கள் மட்டுமில்லை, பாதி நாடே ஜான்சனுக்காக வேண்டிக்கொண்டது.

முதல் மேட்ச்சில் 12 இன்னிங்ஸும் அவரே வீசி 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, 4-3 என்று தோற்றார். ஐந்தாவது மேட்ச்சில் 6-2 என்று மறுபடி தோல்வி. அதில் 18 வயசுப் பையன் ஃப்ரெடி லிண்ட்ஸ்ட்ராம் அவர் பந்தில் நாலு ஹிட் அடித்தான். ஆறாவதை மற்றவர்கள் ஜெயித்துக் கொடுத்தார்கள்.

அக்டோபர் 10, ஏழாவது மேட்ச். ஜனாதிபதி கூலிட்ஜ் நேரில் வந்திருந்தார். எட்டாவது இன்னிங்ஸில் 3-1 என்று பின்தங்கியிருந்தபோது ஹாரிஸ் தரையோடு அடித்த பந்து திடீர்னு எகிறி லிண்ட்ஸ்ட்ராம் தலைக்கு மேலே போனது. 3-3. ஒன்பதாவதில் ஹாரிஸ் பந்தை ஜான்சன் கையில் கொடுத்தார். ஒரு நாள் ஓய்வு மட்டும் எடுத்த கை. ஃப்ரிஷ் மூணாவது பேஸ் வரை ஓடிவிட்டார், இன்னும் ஒரே ஒரு பேஸ் வந்தா ரன். கெல்லியை ஸ்ட்ரைக் அவுட் செய்து தப்பித்தார். நாலு இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூட விடவில்லை.

பன்னிரண்டாவது இன்னிங்ஸ். வாஷிங்டனின் ரூயல் அடித்த பந்து நேரா மேலே போனது, சுலபமான கேட்ச். நியூயார்க் கேட்ச்சர் கௌடி, தான் கழற்றி எறிந்த முகமூடியிலேயே கால் சிக்கித் தடுமாறிக் கேட்ச்சை விட்டார். தப்பித்த ரூயல் அடுத்து இரண்டாவது பேஸ் வரை அடித்தார். மெக்நீலி அடித்த பந்து மறுபடியும் எகிறி அதே லிண்ட்ஸ்ட்ராம் தலைக்கு மேலே போக, ரூயல் ஓடி வந்து ரன். 4-3. அந்த நேரம் ஜான்சன் பேட்டிங் முடித்து, பேஸில் ஓடிக்கொண்டிருந்தார். 17 வருஷம் வராத அதிர்ஷ்டம் ஒரே நாளில் வந்தது.

அடுத்த வருஷமும் டீம் ஃபைனல் போனது. முதல் ரெண்டு தடவை ஜெயித்த ஜான்சன், ஏழாவது மேட்ச்சில் கொட்டுற மழையில் பிட்ஸ்பர்க்கிடம் 9-7 என்று தோற்றார். 1927இல் ஓய்வு. கணக்கு 417 வெற்றி, 279 தோல்வி. 1936இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதன்முதலா தேர்ந்தெடுத்த ஐந்து பேரில் அவரும் ஒருவர். 1946 டிசம்பர் 10ஆம் தேதி மூளைக் கட்டியால் இறந்தார்.

வாஷிங்டன் நகரத்துக்கு அடுத்த வேர்ல்ட் சீரிஸ் வெற்றி 2019இல்தான் வந்தது, வேறொரு டீம் மூலமா. நடுவில் 95 வருஷம். அவர் சிகாகோவிலேயே இருந்திருந்தா 1924உம் வந்திருக்காது. தோற்கிற டீமை விடாம பார்க்கிற ரசிகர்கள் நம்மிலும் இருக்கோம். ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் இந்த வருஷம் பார்க்கலாம்னு சொல்கிறோம். அதையே 18 சீசன் மைதானத்தில் நின்று சொன்ன ஆள் ஒருத்தர் இருந்தார்.