துன் சம்பந்தன்: பிரஜாவுரிமையும் பத்து வெள்ளியும்

பத்துமலையில் ரெயிலேறிக் கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்குவோர் காணும் பெரிய சாலை துன் சம்பந்தன் சாலை. முன்னாளில் அது பிரிக்பீல்ட்ஸ் சாலை. அப்பெயருக்கு உரியவரை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நலம்.

வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16இல் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தகப்பனார் வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து ரப்பர்த் தோட்டம் கண்டவர். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பினார். 1955இல் மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவரானார். அவ்வாண்டே தொழிலாளர் மந்திரியுமானார்.

வெள்ளையர் ஆட்சியில் தோட்டத் தொழிலாளி உழைக்கலாம். உரிமை கேட்டால் கப்பலேற்றி விடுவார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்ற ஆர். எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

1957 ஆகஸ்ட் 31இல் நாடு விடுதலை பெற்றது. பிரஜை எவரையும் நாடு கடத்தலாகாது என்றது அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு. அவரவர் மார்க்கத்தைப் பின்பற்றும் உரிமையைத் தந்தது பதினோராம் பிரிவு. அன்று முதல் இம்மண்ணில் பிறக்கும் குழந்தை பிரஜை என்றும் விதித்தார்கள். 1962இல் அவ்விதியைச் சுருக்கி, பெற்றோரில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றாக்கினார்கள். அதுவரை பிரஜையாகாத பெரியவர்களோ மனுச் செய்துதான் பெற வேண்டும். இங்கே பிறந்தவர் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய்மொழிப் பரீட்சை இல்லை என்ற சலுகையும் இருந்தது.

ஆகவே சுதந்திரம் எல்லாருக்கும் வந்தது. உரிமை பத்திரம் பெற்றவருக்கே வந்தது. ரசீதில்லாத சரக்குக்கு வழக்கில்லை என்பது கடைக்காரர் அறிந்த சங்கதி.

பிரஜைக்கும் உரிமை முழுதாக வந்துவிடவில்லை. 1960இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் விசாரணையின்றிக் காவலில் வைக்க இடந்தந்தது. சம்பந்தனார் மந்திரியாயிருந்த சர்க்காரே அதை இயற்றியது. 2012இல்தான் அது நீங்கிற்று.

சட்டம் தராத இன்னொன்று நிலம். துரைமார் விற்றுப்போன தோட்டங்களை வாங்கியோர் துண்டு போட்டு விற்றனர். தொழிலாளி வேலையோடு குடியிருந்த வீட்டையும் இழந்தான். இதற்கு மாற்றாகச் சம்பந்தனார் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந் தோட்டமாய்ச் சென்று, மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்க்கும்படி வேண்டினார். மறு ஆண்டு கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளருடைய சங்கத்தின் சொத்தாயிற்று.

1969இல் பிரஜையல்லாதார் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றாயிற்று. ஆயிரக்கணக்கானோர் பிழைப்பிழந்து, பிள்ளைகுட்டிகளுடன் இந்தியாவுக்குக் கப்பலேறினர். எழுத்தறிவில்லாமலும் பிறப்புப் பத்திரமில்லாமலும் மனுச் செய்யாது விட்டவர்கள் அவர்களிற் பலர். தலைவர்கள் இன்னும் முயன்றிருக்கலாம் என்ற குறையிலும் நியாயமுண்டு.

சம்பந்தனார் 1973இல் கட்சித் தலைமையை விட்டார்; 1979 மே 18இல் காலமானார்.

இன்றும் நம்மவரிடையே பிறப்புப் பத்திரமில்லாப் பிள்ளைகள் உண்டு. அண்டை வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், பெற்றோருக்குத் துணையாகப் பதிவு இலாகா வரை நாமும் நடப்போமாக.