டார்வினை வாட்டிய வயிறு

இங்கிலாந்தில் டவுன் என்று ஒரு சிறு கிராமம். அங்கே ஒரு பெரிய வீடு. அந்த வீட்டின் படிப்பறையில் ஒரு மூலையை மட்டும் மறைத்து வைத்திருந்தார்கள். மறைப்புக்குப் பின்னால் ஒரு பாத்திரம் இருக்கும்.

எழுதிக்கொண்டிருப்பவர் திடீரென்று எழுந்து அங்கே போவார். வாந்தி எடுப்பார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மீண்டும் வந்து பேனாவைப் பிடிப்பார்.

அவர்தான் சார்லஸ் டார்வின்! உயிர்கள் எப்படி மாறி வளர்ந்தன என்று எடுத்துக் கூறி உலகத்தைப் புரட்டிய மேதை. அந்த மேதையைச் சுமார் 40 ஆண்டுகள் புரட்டி எடுத்தது, அவருடைய வயிறு!

டாக்டர் வீட்டுப் பிள்ளை

டார்வின் 1809 பிப்ரவரி 12-ந் தேதி ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற டாக்டர். மகனும் டாக்டர் ஆகவேண்டும் என்று 1825-ல் எடின்பரோ நகருக்குப் படிக்க அனுப்பினார்.

அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. ஒரு குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை நடப்பதைப் பார்த்த டார்வின், பாதியிலேயே வெளியே ஓடிவிட்டார். 1827-ல் வைத்தியப் படிப்பையே விட்டுவிட்டார்.

1831 டிசம்பரில் "பீகிள்" என்ற கப்பலில் உலகப் பயணம் புறப்பட்டார். அதற்கு முன்பே நெஞ்சு படபடத்தது. டாக்டரிடம் சொன்னால் பயணம் தடைப்படும் என்று பயந்து, யாரிடமும் சொல்லவில்லை. பயணம் ஏறக்குறைய 5 ஆண்டுகள் நீடித்தது. கரை இறங்கிய இடமெல்லாம் மலை ஏறினார், குதிரையில் சுற்றினார்.

1836-ல் ஊர் திரும்பினார். 1839-ல் எம்மாவை மணந்தார். அந்த ஆண்டுகளில்தான் உடல் நலம் கெடத் தொடங்கியது. 1842-ல் லண்டனை விட்டு, டவுன் கிராமத்துக்குக் குடிபோனார்.

முகத்தில் தெரியாத நோய்

வயிற்றில் ஓயாத வாயு. குமட்டல். வாந்தி. தலை சுற்றல். இரவில் தூக்கம் இல்லை. விருந்தாளி ஒருவரோடு அரைமணி நேரம் கூடுதலாகப் பேசிவிட்டால் போதும், அன்று இரவு தூக்கம் போய்விடும். 1848-ல் தந்தை இறந்தபோது கூட, உடல்நிலை காரணமாக அடக்கத்துக்கு நேரத்தில் போய்ச் சேர முடியவில்லை.

பல டாக்டர்கள் பார்த்தார்கள். நோய் இன்னதென்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆளைப் பார்த்தால் நல்ல நிறமாக, திடமாக இருப்பார். அதனால், தாம் நோயாளி போல நடிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள் என்று டார்வின் வருந்தினார். நோயைவிட இந்தச் சந்தேகம் அவருக்குப் பெரிய வேதனை.

1849-ல் மால்வெர்ன் என்ற ஊரில் டாக்டர் கல்லி என்பவரிடம் தண்ணீர் வைத்தியம் செய்துகொண்டார். குளிர்ந்த நீரில் குளியல், ஈரத்துணியால் தேய்ப்பு, நடை, உணவுக் கட்டுப்பாடு. உடம்பு ஓரளவு தேறியது.

அந்த ஆண்டு முதல் ஒரு நோட்டில் தினமும் தம் உடல்நிலையைக் குறித்து வந்தார். இன்று வாயுத் தொல்லை எத்தனை முறை, இரவு எப்படி, நாள் நல்ல நாளா என்று எழுதினார். நல்ல நாளுக்குத் தனி அடையாளம் போட்டார். 1855 வரை இது நடந்தது. புழு பூச்சிகளை ஆராய்ந்தவர், தம் வயிற்றையும் ஆராய்ந்தார்!

மகளின் மரணம்

டார்வினுக்குச் செல்ல மகள் ஆனி. அவளுக்கும் வயிற்றுக் கோளாறு வந்தது. தம் நோய்தான் மகளுக்கும் வந்துவிட்டதோ என்று தந்தை தவித்தார். 1851-ல் அவளை அதே மால்வெர்னுக்கு அனுப்பினார். காய்ச்சலும் வாந்தியும் அதிகமாயின. தந்தை படுக்கை அருகிலேயே இருந்தார். ஏப்ரல் 23-ந் தேதி ஆனி இறந்தாள். அவளுக்கு வயது 10. அந்தத் துயரம் டார்வினை விட்டு அகலவே இல்லை.

1859-ல் அவருடைய புகழ் பெற்ற நூல் வெளிவந்தது. 1,250 பிரதிகள் அச்சிட்டார்கள். விற்பனைக்கு வைத்த பிரதிகளையெல்லாம் புத்தக வியாபாரிகள் உடனே கேட்டு எடுத்துக்கொண்டார்கள். அப்போது டார்வின் எங்கே இருந்தார்? இல்க்லி என்ற ஊரில், தண்ணீர் வைத்திய விடுதியில்! அடுத்த ஆண்டு ஆக்ஸ்போர்டில் அந்த நூலைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. அதற்கும் அவர் போகவில்லை. அப்போதும் வைத்திய விடுதியில்தான் இருந்தார்.

1865-ல் டாக்டர் சாப்மன் என்பவருக்குத் தம் தொல்லைகளை வரிசையாக எழுதிக் கொடுத்தார். அவர் முதுகெலும்பின் மேல் ஐஸ் பை வைக்கச் சொன்னார். பலன் இல்லை. முதுமையில் உபத்திரவம் சற்றுக் குறைந்தது. 1882 ஏப்ரல் 19-ந் தேதி, 73-வது வயதில், இதய நோயால் டார்வின் காலமானார்.

இன்று என்ன சொல்வார்கள்?

தென் அமெரிக்காவில் பூச்சி கடித்ததால் வந்த நோய் என்றார்கள் சிலர். பால் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றார்கள் வேறு சிலர். மனக் கவலை என்றும் சொன்னார்கள். முடிவு மட்டும் இன்னும் ஏற்படவில்லை.

ஆனால் வைத்தியம் ஒன்றைக் கற்றுக்கொண்டது. குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலே, அது வேலை செய்யும் விதத்தில் கோளாறு வரலாம். குடலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு பிசகுவது இதற்கு ஒரு காரணம். வலி பொய் அல்ல. இதைக் கண்டுபிடிக்க, நோயாளி சொல்லும் அறிகுறிகளே முக்கியச் சாட்சி. இதற்காக ரோம் நகரின் பெயரால் விதிகளே உண்டு. அவற்றின் நான்காம் பதிப்பு 2016-ல் வந்தது. குழந்தைகளுக்குத் தனி விதி, பெரியவர்களுக்குத் தனி விதி. வலி எத்தனை நாள், எத்தனை மாதம், மலம் கழித்தால் குறைகிறதா, கூடுகிறதா என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான்.

மலத்தில் ரத்தம், எடை குறைவு, விடாத காய்ச்சல், குழந்தையின் வளர்ச்சி தடைப்படுதல் ஆகியவை இருந்தால் மட்டும் பேச்சோடு நிற்கக் கூடாது, பரிசோதனை அவசியம்.

பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால், நடிக்கிறான் என்று அதட்டுவது எளிது. டார்வினையும் அப்படித்தான் நினைத்தார்கள். எந்த நாள், எந்த நேரம், என்ன சாப்பிட்ட பிறகு என்று ஒரு நோட்டில் குறித்து, டாக்டரிடம் காட்டுவதே நல்லது. அந்த மேதை செய்ததும் அதுதான்!