மீண்டு வரும் பல்லவி

மைசூரு அரச குடும்பத்தில் 1919ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18ஆம் நாள் ஜெயசாமராஜ உடையார் பிறந்தார். இளமையிலேயே மேலைநாட்டு இசையைக் கற்றுப் பியானோ வாசிப்பதில் தேர்ச்சி பெற்றார். பியானோ கலைஞராக அரங்கேற வேண்டும் என்று விரும்பினார். ஆனால், 1940இல் அவருடைய தந்தையும் பெரிய தந்தையும் அடுத்தடுத்து மறைந்தனர். 21 வயதில் அவர் அரியணை ஏற நேர்ந்தது.

கனவு கைகூடாவிடினும் அவர் இசையைக் கைவிடவில்லை. 1945இல் இலண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியின் பட்டயம் பெற்றார். 1948இல் இலண்டன் பில்ஹார்மோனியா இசைக்கழகத்தின் முதல் தலைவரானார். அந்நகரில் வறுமையில் வாடிய ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகள் இசைத்தட்டுகளாக வெளிவரப் பொருளுதவி செய்தார். மெட்னரும் நன்றியுடன் தம் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை அவருக்குக் காணிக்கையாக்கினார்.

உடையார் கருநாடக இசையிலும் வல்லவர். 94 கீர்த்தனைகளை இயற்றினார். கீர்த்தனையில் முதலில் பல்லவி ஒலிக்கும். அனுபல்லவி முடிந்ததும் பல்லவி திரும்பும். சரணம் முடிந்ததும் மீண்டும் திரும்பும். மேலைநாட்டிசையில் இதனை ஒத்த அமைப்பு ‘ரோண்டோ’ எனப்படும். பல சிம்பொனிகளின் இறுதிப் பகுதி இவ்வமைப்பில் உள்ளது. ஹைடனின் 88ஆம் சிம்பொனியின் இறுதிப் பகுதியைக் கேட்போர் முதலில் வரும் துள்ளலான மெட்டை மனத்தில் இருத்த வேண்டும். பிறகு வேறு மெட்டுகள் வரும். இசை வெகுதூரம் விலகிச் செல்வதுபோல் தோன்றும். முதல் மெட்டு எப்போது வரும் என்று செவி காத்திருக்கும். அது திரும்பும்போது, பழகிய முகத்தைக் கூட்டத்தில் கண்டதுபோல் உள்ளம் மகிழும்.

1950இல் உடையாரின் மன்னராட்சி முடிவுற்றது. 1956 நவம்பர் 1 அன்று அவர் மைசூர் மாநில ஆளுநரானார். அதே நாளில் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்தில் இணைந்தது. தமிழர் மிகுதியாக வாழும் மார்டள்ளியும் அப்போது அவ்வட்டத்து ஊராக இருந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது; மாநிலம் மாறியது; மக்களின் தமிழ் நிலைத்தது. 1964இல் உடையார் சென்னை மாநில ஆளுநராகப் பொறுப்பேற்றார்.

அவர் 1974 செப்டம்பர் 23 அன்று மறைந்தார். அரியணையும் பதவிகளும் அவர் வாழ்வில் வந்து சென்றன. இசை மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பி வந்தது. அவர் இயற்றிய கீர்த்தனைகள் இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகின்றன.

கேட்டு எழுதுக:
1. ஒரு கீர்த்தனையைக் கேட்டு, பல்லவி எத்தனை முறை திரும்புகிறது என எண்ணி எழுதுக.
2. ஹைடனின் 88ஆம் சிம்பொனியின் இறுதிப் பகுதியைக் கேட்டு, முதல் மெட்டு திரும்பும்போதெல்லாம் கையை உயர்த்துக. அது திரும்புவதற்கு முன் இசையில் நிகழும் மாற்றத்தை இரண்டு தொடர்களில் எழுதுக.