கொடுமுடி கோகிலம்

இந்த மாத சுவர்ப் பத்திரிகையில் ஒரு பாடகியின் வாழ்க்கையை எழுதப் போகிறேன். அவங்க பேரு கே.பி. சுந்தராம்பாள். பேரு தெரியலைன்னாலும் குரல் உங்களுக்குத் தெரியும். ஆடிக் கிருத்திகைக்கு நம்ம மலையடிவாரத்துல காவடிக் கூட்டம் வரும்போது டீக்கடை ஸ்பீக்கர்ல கணீர்னு ஒரு அம்மா முருகனைப் பாடுவாங்களே, அவங்கதான்.

ஏன் இவங்களைப் பத்தி எழுதுறேன்னு முதல்லயே சொல்லிடுறேன். என் குரல் கொஞ்சம் பெரிசு. மெதுவா பேசணும்னு நினைச்சாலும் பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்கும். அதனால எனக்கு ஸ்பீக்கர்னு பட்டப்பேர் இருக்கு (வெச்சவங்களுக்குத் தெரியும்). போன வருஷம் ஒரு இடத்துல கோஷ்டிப் பாட்டுக்குப் பேர் கொடுத்தேன். என் குரல் மத்தவங்க குரலை அமுக்குதுன்னு சொல்லி என்னை எடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்து அழுதேன். எங்க அவ்வா (நாங்க வீட்டுல தெலுங்கு, அவ்வான்னா பாட்டி) ஒண்ணும் சொல்லாம பழைய டேப் ரிக்கார்டரை எடுத்து சுந்தராம்பாள் கேசட்டைப் போட்டாங்க. நாகரியில பிறந்த எங்க அவ்வாவுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடம்.

சுந்தராம்பாள் 1908-ல் ஈரோட்டுக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். கே என்றால் கொடுமுடி. பி என்றால் அப்பா பேர் இல்லை, அம்மா பாலாம்பாள் பேர்! இன்னைக்கும் நம்ம வகுப்புல அம்மா பேரை இனிஷியலா வெச்சவங்க எத்தனை பேர் இருக்கோம்? அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார். சாப்பாட்டுக்கே கஷ்டம். சிறுமியாக இருந்தபோது ரயிலில் பாடிக் காசு வாங்கியிருக்கிறார். நம்ம ஊர் ஸ்டேஷன்ல அரக்கோணம் வண்டி வரும்போது பாடிக்கிட்டே கை நீட்டுற பிள்ளைகளைப் பார்த்திருப்பீங்க இல்லையா, அப்படித்தான். ரயிலில் அந்தக் குரலைக் கேட்ட பெரிய மனிதர் ஒருவரால்தான் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர முடிந்தது என்று சொல்வார்கள்.

கம்பெனியில் சின்னப் பிள்ளைகளுக்கான வேஷம், அதுவும் பெரும்பாலும் ஆண் பிள்ளை வேஷம். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் துடிக்கும் குழந்தையாகப் பாடி நடித்ததுதான் ஊர் ஜனங்களை அழ வைத்ததாம். அது நடிப்பா என்று எனக்கு ஒரு சந்தேகம். பசி அவங்களுக்குப் புதுசு இல்லையே.

அந்தக் காலத்து நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. ராத்திரி ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். அதனால் உச்ச ஸ்தாயியில், பெரிய கட்டையில் பாடுகிறவர்களுக்குத்தான் மதிப்பு. சுந்தராம்பாள் அப்படிப் பாடினார். கப்பலேறி இலங்கைக்குப் போய் கொழும்பிலும் பல ஊர்களிலும் நடித்துப் பேர் வாங்கினார்.

அங்கேதான் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். அவர் செங்கோட்டைக்காரர், 1906-ல் பிறந்தவர். அவரும் குழந்தை நடிகராக ஐந்தாறு வயதில் மேடை ஏறியவர்தான். இரண்டு பேரும் சேர்ந்து நடித்த நாடகங்களில் வள்ளி திருமணம் ரொம்பப் பிரபலம். வள்ளியை முருகன் கல்யாணம் பண்ணிக்கொண்டது நம்ம திருத்தணியில்தான் என்று தலபுராணம் சொல்கிறது. நம்ம ஊர்க் கதையை வைத்து இவங்க ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்திருக்காங்க! கிராமபோன் ரெக்கார்டுகளும் வந்தன. இன்னைக்கு சினிமாப் பாட்டு மாதிரி அன்னைக்கு இவங்க பாட்டுதான் எல்லார் வாயிலும்.

1927-ல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கனவே ஒரு மனைவி இருந்தார். பிறகு மனஸ்தாபம் வந்து பிரிந்து இருந்தார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துபோனார். அவருக்கு வயது 27தான். சுந்தராம்பாளுக்கு 25. அன்று முதல் வெள்ளைப் புடவை, நெற்றி நிறைய திருநீறு. நகை இல்லை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். 47 வருஷம், கடைசி வரைக்கும் அப்படியே இருந்தார். எங்க அக்கா இதைக் கேட்டுட்டு, பிரிஞ்சு போனவருக்காக எதுக்கு இவ்வளவுன்னு கோபப்பட்டாள். அவ்வா பதில் சொல்லலை. எனக்கும் பதில் தெரியலை.

கொஞ்ச காலம் வீட்டோடு இருந்தவரை சினிமாக்காரர்கள் கூப்பிட்டார்கள். நந்தனார் வேஷம், அதாவது ஆண் வேஷம். மறுப்பதற்காகவே ஒரு லட்ச ரூபாய் கேட்டாராம். தயாரிப்பாளர் சரி என்று கொடுத்துவிட்டார்! பக்த நந்தனார் 1935-ல் வந்தது. அந்தக் காலத்து ஒரு லட்சம் இன்னைக்கு எவ்வளவு என்று கணக்கு சாரைத்தான் கேட்கணும். 1940-ல் மணிமேகலை வந்தது.

காங்கிரஸ் மேடைகளில் சுதந்திரப் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். கொடுமுடி வீட்டுக்கு வந்த காந்திஜிக்குத் தங்கத்தட்டில் சாப்பாடு போட்டாராம். சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று காந்தி சிரித்துக்கொண்டே கேட்க, தட்டையும் கழுவிக் கொடுத்துவிட்டார் என்பார்கள். 1950களில் சென்னை சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார் (அந்த மேலவை 1986-ல் கலைக்கப்பட்டுவிட்டது).

1953-ல் ஜெமினி எஸ்.எஸ். வாசன் எடுத்த ஔவையார் படம்தான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. 45 வயதில் கூன் விழுந்த கிழவியாக நடித்தார். யானைக் கூட்டம் வந்து கோட்டையை இடிக்கும் காட்சியை அவ்வா இன்னைக்கும் கை காலை ஆட்டிச் சொல்வாங்க. 1964-ல் பூம்புகார் படத்தில் கவுந்தி அடிகள். 1965-ல் திருவிளையாடலில் மறுபடியும் ஔவையார், பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைச் சமாதானம் செய்வார். 1969-ல் துணைவன் படப் பாட்டுக்காக சிறந்த பாடகிக்கான தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ. அறுபது வயதைத் தாண்டியும் குரல் நடுங்கவே இல்லை.

ஒரு படத்தை மட்டும் தனியாகச் சொல்லணும். 1973-ல் வந்த காரைக்கால் அம்மையார். பேய் உருவம் கேட்டு வாங்கிய அந்த அம்மையார் சிவன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த இடம் நம்ம பக்கத்துத் திருவாலங்காடுதான். வயதான அம்மையாராக சுந்தராம்பாள் நடித்தார். போன பங்குனியில் அவ்வாவோடு திருவாலங்காடு போயிருந்தேன். கோயில் வாசல்ல உட்கார்ந்து அவ்வா அந்தப் பாட்டை முணுமுணுத்தாங்க. பாதியில மூச்சு வாங்கிடுச்சு. மீதியை நான் பாடினேன். பூ விக்கிற அம்மா திரும்பிப் பார்த்துட்டு, அவ்வாவுக்கு ஒரு முழம் பூ சும்மாவே கொடுத்தாங்க.

சுந்தராம்பாள் 1980-ல் காலமானார்.

வர்ற வெள்ளிக்கிழமை பிரேயர்ல கடவுள் வாழ்த்து பாட என் பேரைக் கொடுத்திருக்கேன். தமிழ் மிஸ் சரின்னுட்டாங்க. அன்னைக்கு மைக் ரிப்பேர்னாலும் பரவாயில்லை. கடைசி வரிசையில நிக்கிற பிளஸ் டூ அண்ணன்களே, கேட்குதான்னு மட்டும் கை தூக்கிக் காட்டுங்க.



இப்படிக்கு,
ஸ்பீக்கர்,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு