பேட்ரிக் கெடிஸ்

பேட்ரிக் கெடிஸ் (அக்டோபர் 2, 1854 – ஏப்ரல் 17, 1932) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளர், சமூகவியலாளர், நகரத் திட்டமிடலாளர் ஆவார். தாவரவியல் பேராசிரியராக இருந்துகொண்டே, நெருக்கடி மிகுந்த நகரக் கட்டிடங்களுக்கிடையே தோட்டங்களைக் கொண்டுவரும் பணியை ஆய்வாகவும் செயலாகவும் நடத்தியவர். சென்னை மாகாண நகரங்களைப் பற்றிய இவரது அறிக்கைகள் தமிழ்நாட்டு நகர வரலாற்றிலும் இடம்பெறுகின்றன.

இளமைக்காலம்

அபர்தீன்சயரிலுள்ள பாலட்டரில் பிறந்த கெடிஸ், பெர்த் நகரை அடுத்த குன்றோரத்தில் வளர்ந்தார். லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். 1879-ல் ஆய்வுக்காக மெக்சிக்கோ சென்றபோது கண்நோய் கண்டு சிறிது காலம் பார்வையை இழந்தார். பார்வை மீண்டபோதிலும் முன்போல நுண்ணோக்கியில் பணியாற்ற இயலவில்லை. உயிரணுவைக் கைவிட்டு ஊரை ஆராயத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

எடின்பரோ பழைய நகரம்

1886-ல் அன்னா மார்ட்டனை மணந்த பின், வசதியான புதிய நகரப் பகுதியை விட்டு, பழைய நகரத்தின் ஜேம்ஸ் கோர்ட் குடியிருப்பில் தம்பதியர் குடியேறினர். அது பல மாடிக் கட்டிடங்களில் ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த இடம். முற்றத்தைத் துப்புரவு செய்தல், சுவர்களுக்கு வண்ணம் பூசுதல், சன்னல்களில் செடித்தொட்டி வைத்தல் எனப் பணி சிறிதாகவே தொடங்கியது. அண்டை வீட்டாரும் அதில் கைகொடுத்தனர்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1888-ல் டண்டி பல்கலைக்கழகக் கல்லூரியில் கிடைத்த பதவியிலோ, கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும். ஆண்டின் எஞ்சிய மாதங்கள் எடின்பரோவுக்குக் கிடைத்தன. அந்த வகையில் தோல்வியும் நன்மையாகவே முடிந்தது.

1892-ல் அவர் வாங்கிய கட்டிடம் அவுட்லுக் கோபுரம் என்ற பெயரில் அருங்காட்சியகமாகவும் ஆய்வுக்கூடமாகவும் மாறியது. அதன் உச்சியிலிருந்த இருட்டறையில், நகரின் காட்சி ஆடியின் வழியாக மேசைமீது விழும். முதலில் ஊரைப் பார்க்க வேண்டும், பிறகே திட்டமிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

திறந்தவெளிக் கணக்கெடுப்பு

இக்கோபுரத்தைச் சார்ந்த குழு ஒன்று, பழைய நகரில் பயன்படாமல் கிடந்த வெற்றிடங்களைத் தேடிக் கணக்கெடுத்தது. இடிந்த வீட்டுமனைகள், குப்பை மேடுகள், பின்கட்டு முற்றங்கள் என 70-க்கும் மேற்பட்ட துண்டு நிலங்கள் அறியப்பட்டன. தனித்தனியே பார்த்தால் அற்பமான அவை, சேர்ந்தபோது ஏறத்தாழ 10 ஏக்கர் பரப்பைத் தந்தன. ஒரு பூங்காவுக்கு நிலமில்லை என்று கருதப்பட்ட பகுதியில் இத்தனை நிலம் இருந்ததே இவ்வாய்வின் முதன்மையான கண்டுபிடிப்பாகும். தோட்டங்களை வடிவமைக்கும் பொறுப்பை மகள் நோரா கெடிஸ் ஏற்றார். 1910-ல் வெஸ்ட் போர்ட் தோட்டம் திறக்கப்பட்டது.

தெருக்களை முழுவதும் இடிக்காமல், மிகவும் பழுதான சில வீடுகளை மட்டும் அகற்றி ஒளிக்கும் காற்றுக்கும் மரத்துக்கும் வழிவிடும் இம்முறையை அவர் அறுவைச் சிகிச்சையுடன் ஒப்பிட்டார். உறுப்பைக் காக்கவே கத்தி என்பது அதன் பொருள்.

பண நிர்வாகத்தில் கெடிஸ் தேர்ந்தவரல்லர். மாணவர் விடுதிகளுக்காகவும் வீடுகளுக்காகவும் கட்டிடங்களைத் தொடர்ந்து வாங்கி நெருக்கடிக்குள்ளானார். 1896-ல் நண்பர்கள் டவுன் அண்ட் கவுன் சங்கம் என்ற நிறுவனத்தை அமைத்துச் சொத்துக்களைப் பொறுப்பேற்றனர். ஒரு பணி முடியுமுன் அடுத்ததைத் தொடங்குவது அவர் இயல்பு. நோராவைப் போன்றோர் உடனிருந்து உழைத்திராவிட்டால் தோட்டங்களில் பல காகிதத்திலேயே நின்றிருக்கும்.

இந்தியாவில்

சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் 1914-ல் கெடிஸ் இந்தியா வந்தார். அவரது நகரக் கண்காட்சிப் பொருட்களை ஏற்றிவந்த கிளான் கிராண்ட் கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 22 அன்று சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய அதே எம்டன்தான். பல ஆண்டு உழைப்பு கடலில் போனபோதும், நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக்கொண்டு 1915-ல் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது.

தொடர்ந்து மதுரை, தஞ்சாவூர் முதலிய நகரங்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர்கோட்டு அகலச் சாலைகள் அமைக்கும் அரசுத் திட்டத்தை அவர் ஏற்கவில்லை. இருக்கும் சந்துகளை ஆங்காங்கே அகலப்படுத்தி, சிதைந்த மனைகளைத் திறந்தவெளிகளாக்கி மரம் நடுவது செலவிலும் குறைவு, குடியிருப்போருக்கும் துன்பமில்லாதது என்று வாதிட்டார்.

1917-ல் மகன் அலாஸ்டேர் பிரான்சுப் போர்முனையில் இறந்தார். அதே ஆண்டு அன்னாவும் இந்தியாவில் காலமானார். அதன் பின்னும் பணி நிற்கவில்லை. 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் குடிமையியல், சமூகவியல் பேராசிரியரானார். அறிவியலாளர் ஜகதீச சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றை 1920-ல் வெளியிட்டார்.

பிற்காலம்

1924-ல் பிரான்சின் மொன்பெலியே நகரில் ஸ்காட்லாந்துக் கல்லூரியை நிறுவினார். 1925-ல் டெல் அவிவ் நகருக்கு அவர் வரைந்த திட்டத்தில், வீட்டு வரிசைகளின் உட்புறத்தில் பொதுத் தோட்டங்கள் இடம்பெற்றன. 1932-ல் சர் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே மொன்பெலியேயில் காலமானார். எடின்பரோவின் வெஸ்ட் போர்ட் தோட்டம் புதுப்பிக்கப்பட்டு இன்றும் உள்ளது.